கூர்முனை தேடிய காமிரா

1858-இல் மதராஸ் மாகாண அரசுக்காக வெளிவந்த ஒளிப்படத் தொகுப்புகளின் வரிசையில் மதுரை உண்டு, தஞ்சாவூர் உண்டு, திருவரங்கமும் திருச்சிராப்பள்ளியும் புதுக்கோட்டையும் உண்டு. இந்தப் பெரிய பெயர்களுக்கு நடுவே, இராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களையும் தலைப்பில் தாங்கிய ஒரு தொகுப்பும் இருக்கிறது. படங்களை எடுத்தவர் காப்டன் லின்னேயஸ் டிரைப், மாகாண அரசின் ஒளிப்படக்காரர். இராயக்கோட்டை அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965-இல் தருமபுரி தனி மாவட்டமானபோது அதில் சேர்ந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்தபோது அதனுடன் போனது. தமிழ்நாட்டுக் கட்டடங்களை முறையாகப் படமெடுக்கக் கிளம்பிய முதல் அரசுப் பயணம் பெங்களூரிலிருந்து இறங்கியபோது, அதன் வாசற்படி பாராமகால் எனப்பட்ட இப்பகுதியின் மலைகளாகவே இருந்தது.

டிரைப் கொண்டுவந்த மாட்டு வண்டிகளில் காமிராவும் ரசாயனங்களும் இருந்தன. கூடவே, கட்டடத்தை எப்படிப் படமெடுப்பது என்ற ஒரு பழக்கமும் வந்தது. அந்தப் பழக்கம் ஐரோப்பாவில் உருவான இடம் பெரும்பாலும் கோதிக் எனும் இடைக்காலப் பாணியில் எழுந்த தேவாலயங்களின் முன்வாசல். நிமிர்ந்த கோடுகள் நிமிர்ந்தே நிற்க வேண்டும். கண் ஏறிப்போய் முடிய ஓர் உச்சி வேண்டும். முன்னால் வெறும் தரை வேண்டும். மனிதர் இல்லாமலிருப்பது நல்லது. இந்த இலக்கணம் எதிலிருந்து பிறந்தது, ரசனையிலிருந்தா, கருவியிலிருந்தா? கோபுரங்களும் விமானங்களும் குன்றுகளும் உள்ள நிலத்துக்கு அது வந்தபோது என்ன நடந்தது? இக்கட்டுரை இந்த இரண்டு கேள்விகளை ஒன்றாக வைத்துப் பார்க்கிறது.

ஓவியம் தந்த விளக்கம்

கலை வரலாற்று நூல்களில் வழக்கமாகக் கிடைக்கும் பதில், ஒளிப்படக்காரர்கள் ஓவியர்களிடம் கடன் வாங்கினார்கள் என்பதுதான். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிலக்காட்சி வரைவதற்கு ஒரு வாய்ப்பாடு இருந்தது. ஓரத்தில் ஒரு கருத்த மரம், நடுவில் வெளிச்சம் விழும் நீரோ நிலமோ, தூரத்தில் கோட்டையோ பாழடைந்த மடமோ. ஆங்கிலேய ஒளிப்படக்காரர் ரோஜர் ஃபென்டன் 1858-இல் சால்ஸ்பரி தேவாலயத்தை மரங்களுக்கிடையே படமெடுத்தபோது, அதே தேவாலயத்தை 1820-களில் மீண்டும் மீண்டும் வரைந்த ஓவியர் கான்ஸ்டபிளை நினைக்காமல் இருந்திருக்க முடியாது என்பார்கள். நியாயமான ஊகம்.

இந்த விளக்கத்துக்குத் தருமபுரிப் பக்கத்திலும் ஆதாரம் உண்டு. மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த 1792-இலேயே தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஓவியர்கள் பாராமகால் வழியாக வந்தார்கள். இராயக்கோட்டை, வீரபத்திர துர்கம், ஜகதேவி ஆகிய மலைக்கோட்டைகளை அவர்கள் வரைந்தார்கள். அவை பின்னர் லண்டனில் அச்சேறிய புகழ்பெற்ற தொகுப்பில் இடம்பெற்றன. போரில் பங்கெடுத்த படையதிகாரிகளும் இதே மலைகளை வரைந்து வெளியிட்டார்கள். ஆகவே 1857-இன் இறுதியில் டிரைப் இராயக்கோட்டைக்கு வந்தபோது அது யாரும் பார்க்காத மலை அல்ல. இங்கிலாந்தின் வசதியான வீடுகளில் அறுபது ஆண்டுகளாகப் படமாகத் தொங்கிய மலை.

ஆனாலும் இந்த விளக்கம் பாதி தூரம்தான் வருகிறது. ஓவியருக்கு உள்ள ஒரு சுதந்திரம் காமிராக்காரருக்கு இல்லை. மரம் தேவையான இடத்தில் இல்லையென்றால் டேனியல் அதை வரைந்துகொள்ளலாம். தேவாலயத்துக்கும் தனக்கும் இடையே நிற்கும் வீட்டை விட்டுவிடலாம். காமிரா வைத்தவர் முதலில் தேட வேண்டியது, கால் ஊன்றி நிற்க ஓர் இடம்.

நிற்க இடம் எங்கே?

கோதிக் தேவாலயத்தின் உருவமே காமிராவுக்குத் தொல்லை. உயரம் அதிகம், அகலம் ஒப்பீட்டில் குறைவு. காமிராவின் பின்புறக் கண்ணாடி நிலத்துக்குச் செங்குத்தாக நின்றால்தான் கட்டடத்தின் நிமிர்ந்த கோடுகள் படத்திலும் நிமிர்ந்து நிற்கும். உச்சி தெரியட்டும் என்று காமிராவை அண்ணாந்து வைத்தால், முகப்பின் இரண்டு கோபுரங்களும் மேலே போகப்போக ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்துவிடும். இதற்கு மூன்று வழிகள் இருந்தன. வெகுதூரம் பின்னால் போவது ஒன்று. லென்ஸ் பொருத்திய பலகையை மட்டும் மேலே நகர்த்துவது இன்னொன்று; ஓரளவுக்கு மேல் நகர்த்தினால் படத்தின் மூலைகள் இருண்டுவிடும். மூன்றாவது, எதிரே உள்ள கட்டடத்தின் மேல்மாடிக்கு ஏறுவது.

லென்ஸுக்கும் ஒரு குறை இருந்தது. அன்றைய நிலக்காட்சி லென்ஸில் படத்தின் ஓரத்தில் விழும் நேர்கோடு வில்லாக வளையும். அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்த லென்ஸ்கள் 1866-இல்தான் விற்பனைக்கு வந்தன. அதுவரை புத்திசாலியான ஒளிப்படக்காரர் கட்டடத்தைப் படத்தின் நடுவில் வைத்து, ஓரங்களை வானத்துக்கும் மரத்துக்கும் தரைக்கும் விட்டுவிட்டார். பிற்காலத்தவர் ஓவிய அழகு என்று மெச்சும் அந்த இடைவெளியில் ஒரு பங்காவது கண்ணாடிச் சில்லின் பலவீனத்துக்குச் சேர வேண்டியது.

வெளிச்சமும் ஒரு விதி வைத்தது. தேவாலயத்தில் பலிபீடம் கிழக்கே, தலைவாசல் மேற்கே. சிற்பம் நிறைந்த மேற்கு முகப்பில் வெயில் விழப் பிற்பகலாக வேண்டும். நேர் எதிரே விழும் வெயிலில் சிற்பம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் விழுந்தால்தான் புடைத்துத் தெரியும். ஆரம்பகால முகப்புப் படங்களில் நிழல் சாய்ந்து விழும் கோணம் ஒன்றுபோல் தோன்றுவதற்கு, கட்டடம் நிற்கும் திசை முதல் காரணம்.

ஆனால் இடம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய விதி. இதற்குத் தெளிவான சான்று இங்கிலாந்தையும் பிரான்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கிடைக்கிறது. இங்கிலாந்தின் பழைய தேவாலயங்கள் பலவற்றைச் சுற்றி அகன்ற புல்வெளி வளாகம் உண்டு. ஃபென்டன் லிங்கன், வெல்ஸ், ஈலி, லிச்ஃபீல்டு, சால்ஸ்பரி என்று போன இடங்களில் பெரும்பாலும் பின்னால் நகர இடம் கிடைத்தது. முழுக் கட்டடத்தையும் மரமும் வானமும் சூழ எடுக்க முடிந்தது. பிரான்ஸில் நகரம் தேவாலயத்தின் மேல் சாய்ந்துகொண்டிருந்தது. பாரிஸ் நோத்ர தாமின் முன்னால் இன்று காணும் பெருவெளி, 1860-களில் வீடுகளை இடித்து உண்டாக்கியது. அதற்கு முன் அங்கே நின்ற காமிராக்காரருக்குப் பின்னால் போக வழியில்லை. ஒரே கட்டடப் பாணி, ஒரே பத்தாண்டு, ஏறக்குறைய ஒரே கருவி. படங்களின் அமைப்பு மட்டும் வேறு. ரசனை மட்டுமே காரணம் என்றால் இந்த வேறுபாட்டை விளக்குவது கடினம்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. பிரான்ஸிலேயே பிஸ்ஸோன் சகோதரர்கள் முழு முகப்புகளைப் பெரிய கண்ணாடித் தட்டுகளில் எடுத்தார்கள். எதுவார் பால்துஸ் ஒரே காட்சிக்குப் பல நெகட்டிவ்களை வெட்டி ஒட்டினார்; வானத்தை மையால் அடைத்து, பக்கத்தில் துருத்தும் கட்டடங்களை மறைத்தார். மனம் வைத்தால் இடத்தின் விதியை மீறலாம் என்று இவை காட்டுகின்றன. மீற எவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே காட்டுகின்றன.

முழுமைக்குப் பதில் ஒரு துண்டு

1851-இல் பிரான்ஸின் வரலாற்றுச் சின்னங்கள் ஆணையம் ஐந்து ஒளிப்படக்காரர்களை நாட்டின் வெவ்வேறு பகுதிகளுக்கு அனுப்பியது. பயார், பால்துஸ், லு கிரே, லு செக், மெஸ்ட்ரால் என்பவை அவர்களின் பெயர்கள். பழுதுபார்க்க வேண்டிய பழைய கட்டடங்களின் நிலையைப் பதிவு செய்வதே வேலை. எடுத்த படங்களை ஆணையம் வெளியிடாமல் அலமாரியில் வைத்துப் பூட்டியது.

இவர்களில் ஆன்றி லு செக் நெருங்கிப்போன விதம் தனி. ரெய்ம்ஸ் தேவாலயத்தில் அரசர் சிலைகள் வரிசையாக நிற்கும் கோபுரப் பகுதியை அவர் எடுத்த படத்தில் தரையும் இல்லை, உச்சியும் இல்லை. சட்டகம் முழுக்கக் கல். மாடங்களுக்குள் கருத்த நிழல். அதிலிருந்து பாதி உருவங்கள் வெளியே வருகின்றன. தாள் நெகட்டிவின் நார் படத்தில் இறங்கிக் கல்லின் சொரசொரப்போடு கலந்துவிடுகிறது. தேவாலயம் எவ்வளவு உயரம் என்று இந்தப் படத்தைக் கொண்டு யாரும் சொல்ல முடியாது. ஆனால் இது எத்தகைய கட்டடம் என்று சொல்லிவிட முடியும். கோதிக் கட்டடம் பகுதிகள் பல்கிப் பெருகி உருவாவது. அதன் ஒரு துண்டில் முழுமையின் ஒழுங்கு இருக்கிறது என்ற புரிதல், நிற்க இடமில்லாத நெருக்கடியில் பிறந்ததாக இருக்கலாம். பிறந்த பிறகு அது ஒரு பார்வையாக வளர்ந்தது.

இதே லு செக் இன்னொரு புகழ்பெற்ற படத்தில் ஆளாகவே நிற்கிறார். 1853 வாக்கில் சார்ல் நெக்ர் எடுத்தது. நோத்ர தாமின் மேல்தளத்தில் உயரத் தொப்பியுடன் லு செக். பக்கத்தில் முழங்கை ஊன்றிப் பாரிஸைப் பார்க்கும் கல் பூதம். இடைக்காலத்தின் ஆவியையே பிடித்த படம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பூதம் இடைக்காலத்தது அல்ல. கட்டடக் கலைஞர் வியோலெ-லெ-டுக் தலைமையில் 1840-களில் தொடங்கிய சீரமைப்பில் புதிதாகச் செதுக்கி வைத்தது; படமெடுத்தபோது அதற்கு ஒரு சில ஆண்டு வயதுகூட முழுசாக ஆகியிருக்காது. ஒளிப்படம் பழமையைப் பதிவு செய்தது என்று சொல்லும் எவரும் இந்தப் படத்தின் முன் ஒரு கணம் நின்றுவிட்டுப் போவது நல்லது.

தஞ்சையில் பொருந்தியது, மதுரையில் பொருந்தாதது

டிரைப் பிறந்த ஊர் இங்கிலாந்தின் டெவன்போர்ட். மதராஸ் படையில் அதிகாரி. 1853-இல் லண்டன் ஒளிப்படச் சங்கத்தில் சேர்ந்தார். 1855-இல் பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவின் படங்களை எடுத்தார். 1856-இல் மாகாண ஒளிப்படக்காரராக நியமனம் பெற்றார். அவர் பயன்படுத்திய நெகட்டிவ் ஏறக்குறைய 12-க்கு 15 அங்குல மெழுகுத்தாள். கண்ணாடியில் ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டிய முறையைவிட, முன்கூட்டியே தயாரித்து எடுத்துச் செல்லக்கூடிய தாள் நம் வெயிலுக்கு ஏற்றது. தாள் நீலத்தை மட்டும் அதிகம் வாங்கும். ஆகவே வானம் வெறும் வெள்ளையாக விழும். டிரைப் சில நெகட்டிவ்களில் நிறம் பூசி மேகங்களை உண்டாக்கினார்.

அவர் வந்தபோது மதராஸ் நகரின் பெரிய தேவாலயங்களில் கோதிக் இல்லை. புனித ஜார்ஜ் பேராலயமும் எழும்பூர் புனித அந்திரேயா ஆலயமும் கிரேக்க, ரோமானியத் தூண்களை முன்னிறுத்தியவை. நீலகிரியில் உதகமண்டலத்தின் புனித ஸ்தேவான் ஆலயம் 1831-இல் திறக்கப்பட்டிருந்தது. அதன் சதுரக் கோபுரத்தில் கோதிக் சாயல் உண்டு. இந்தியாவின் பெரிய கோதிக் தேவாலயத்தைக் காண அன்று கல்கத்தாவுக்குத்தான் போக வேண்டும். ஆக, கோதிக் கட்டடத்தால் பழகிய கண், தமிழ்நாட்டில் கோதிக் இல்லாமலேயே தன் வேலையைத் தொடங்கியது.

தஞ்சாவூரில் அந்தக் கண்ணுக்கு வேண்டியது கிடைத்தது. பெரிய கோயிலின் திறந்த முற்றம் அகன்றது. 200 அடிக்கு மேல் எழும் விமானம் மற்ற எல்லாவற்றையும் தனக்குக் கீழே வைக்கிறது. பின்னால் நகரலாம், உச்சியைச் சட்டகத்துக்குள் கொண்டுவரலாம், கோடுகளைச் சாய விடாமல் நிறுத்தலாம். இங்கிலாந்தின் தேவாலய வளாகத்தில் செய்ததையெல்லாம் இங்கும் செய்யலாம். வாசல் கிழக்கே என்பதால் வெயில் மட்டும் காலைக்கு மாறியது.

மதுரை அப்படிக் கைகொடுக்கவில்லை. மீனாட்சி கோயிலில் கருவறை மேலுள்ள விமானங்கள் சிறியவை. வெளிச்சுற்றின் கோபுரங்கள் பெரியவை. எங்கே நின்றாலும் ஒரே உச்சி என்று ஒன்று இல்லை. நகரத் தெருக்கள் மதிலோடு ஒட்டி வருகின்றன. டிரைப் மதுரைக்கு நான்கு தொகுதிகள் ஒதுக்கினார். கோயிலைத் துண்டு துண்டாக எடுத்தார். பொற்றாமரைக் குளம் ஒன்று, புதுமண்டபத் தூண்கள் ஒன்று, கோபுரம் ஒன்று, திருமலை நாயக்கர் அரண்மனை வேறொன்று. பிரெஞ்சு நகரங்களில் லு செக் கண்ட வழியை ஒத்தது இது. கிறிஸ்பின் பிரான்ஃபூட்டும் ரோஜர் டெய்லரும் 2014-இல் டிரைப்பைப் பற்றி வெளியிட்ட நூல், அவருடைய தொழில்நுட்பக் கவனத்தையும் கோயில் வரலாற்றையும் அருகருகே வைத்துப் படிக்க உதவுகிறது. அதில் காணும் படங்களை வரிசையாகப் பார்த்தால், மதுரையில் அவர் முழுமையைத் தேடித் தோற்றதாகத் தோன்றவில்லை. முழுமை வேறு விதத்தில் இருக்கிறது என்று கண்டுகொண்டவரின் வேலையாகவே தெரிகிறது.

தஞ்சையிலேயே அவர் தன் பழக்கத்துக்கு நேர் எதிரான ஒன்றையும் செய்தார். விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் சோழர் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளப் பட்டையாக்கினார். உச்சி கிடையாது, வானம் கிடையாது. காமிரா அண்ணாந்து பார்க்காமல், ஒவ்வொரு முறையும் சுவரிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் பக்கவாட்டில் நகர்ந்தபடி போயிருக்க வேண்டும். அடுத்தடுத்த படங்களில் எழுத்து ஒரே அளவில் தொடர வேண்டும், வெயில் மாறிக்கொண்டிருக்கும். கோயிலைப் பார்க்கும் விதமாக அல்லாமல் படிக்கும் விதமாக அமைந்த ஒளிப்படம் இது. கல்வெட்டறிஞர் ஹூல்ச் இந்தக் கல்வெட்டுகளை அச்சில் கொண்டுவரத் தொடங்கியது அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1890-களில்.

ஃபெர்குசனின் அளவுகோல்

படங்கள் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே அவற்றை மிகக் கவனமாகப் பயன்படுத்தியவர் ஜேம்ஸ் ஃபெர்குசன். இந்தியக் கட்டடக்கலையின் முதல் பெரிய வரலாற்றை 1876-இல் எழுதியவர். தமிழ்க் கோயில்கள் பற்றி அவர் சொன்ன தீர்ப்பு நெடுங்காலம் பாடநூல்களில் எதிரொலித்தது. வெளியே பெரிய கோபுரம், உள்ளே போகப்போகச் சிறியது, நடுவில் எல்லாவற்றையும்விடச் சிறிய கருவறை. இது கட்டமைப்பில் ஒரு பிழை என்பது அவர் கருத்து. தஞ்சாவூரை அவர் மெச்சினார். அங்கே நடுவிலுள்ளது உயர்ந்து நிற்கிறது.

இதில் கோதிக் அளவுகோல் ஒளிந்திருப்பதாகச் சொல்லத் தேவையில்லை. அவர் அதை மறைக்கவே இல்லை. இராமேசுவரத்தின் நடைக்கூடங்களை அளக்கும்போது இங்கிலாந்துத் தேவாலயம் எதுவும் 500 அடியைத் தாண்டாது என்கிறார்; இங்கோ பக்கக் கூடம் மட்டுமே 700 அடி. திருமலை நாயக்கர் அரண்மனையின் ஒரு கூடத்தில் கோதிக் கட்டடத்துக்குரிய கட்டுமான ஒழுங்கைக் காண்கிறார். புகழ்வதற்கும் குறை சொல்வதற்கும் கையில் இருந்தது ஒரே கோல்.

ஒளிப்படம்தான் இந்தத் தீர்ப்பை உருவாக்கியதா? அப்படிச் சொல்வது மிகையாகும். ஃபெர்குசன் அவுரி வணிகராக இந்தியாவில் இருந்து, 1830-களில் நாடெங்கும் சுற்றி, தானே வரைந்தவர். கோபுரம் பற்றிய எண்ணம் அவருக்குக் காமிரா வருமுன்பே இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த எண்ணத்துக்குச் சாட்சி தந்தது ஒளிப்படம். ஒரே இடத்தில் நிற்கும் ஒற்றைக் கண்ணுக்குத் தஞ்சாவூர் நன்றாக விழுகிறது, மதுரை விழுவதில்லை. மதுரை நடப்பவருக்காகக் கட்டியது. கோபுரம் தூரத்தில் இருப்பவரை அழைப்பதற்கு. உள்ளே வந்தவருக்கு அதன் வேலை முடிந்தது. பிறகு இருள், தூண், குளம், மணி, கடைசியில் விளக்கொளியில் ஒரு முகம். இந்த வரிசையை எந்த ஒற்றைச் சட்டகத்திலும் அடைக்க முடியாது. அடைக்க முடியாததைக் கட்டடத்தின் குறையாக எண்ணியதே ஃபெர்குசன் வழித் தீர்ப்பின் அடிப்படைக் கோளாறு.

மனிதர் இல்லாத முற்றம்

காலனிய ஒளிப்படங்கள் பற்றிய அண்மைக்கால ஆய்வுகளில் ஒரு வாதம் அடிக்கடி வருகிறது. டிரைப்பின் படங்களில் கோயில் முற்றங்கள் காலியாக இருப்பது தற்செயல் அல்ல. 1857 எழுச்சி அடங்காத நேரத்தில், நிலத்தை மக்களிடமிருந்து பிரித்துக் காட்டும் அரசின் பார்வை அது என்பது வாதம். இதில் உண்மை உண்டு. சம்பளம் கொடுத்தது அரசு, எடுத்தவர் படையதிகாரி, அவர் கோயிலுக்குள் முக்காலி வைத்ததும் அரசு ஆணையின் பலத்தில்தான்.

ஆனால் லு செக்கின் ரெய்ம்ஸும் காலிதான். தாள் நெகட்டிவுக்கு நிமிடக் கணக்கில் வெளிச்சம் வேண்டும். நடந்துபோகிறவர் பதியவே மாட்டார். அசையாமல் நிற்கச் சொன்னால் மட்டுமே மனிதர் படத்தில் இருப்பார். ஃபென்டன் தேவாலய வாசல்களில் ஆட்களை நிறுத்தியது உயரத்தைக் காட்டுவதற்காக. ஆகவே வெறுமையை மட்டும் வைத்து அரசியலைப் படிப்பது அவசரம். யாரை நிறுத்தினார்கள், எங்கே நிறுத்தினார்கள், அளவுகோலாகவா ஆளாகவா என்று கேட்பதே பயனுள்ள வழி.

இராயக்கோட்டைக் குன்று

இனி பாராமகாலுக்குத் திரும்பலாம். இராயக்கோட்டைத் தொகுப்பு டிரைப்பின் வரிசையில் அதிகம் பேசப்படாதது. கோயில் தொகுப்புகளுக்கு ஃபெர்குசன் கிடைத்தார். மலைத் தொகுப்புக்கு அப்படி யாரும் கிடைக்கவில்லை. இதன் முக்கியத்துவம் வேறு. இங்கே காமிராவின் முன்னால் மனிதர் கட்டிய உச்சி இல்லை. பாறை இருக்கிறது. 1791-இல் ஆங்கிலேயர் வசமான கோட்டையின் மதில்கள் பாறையோடு பாறையாக ஏறிப்போகின்றன. சமவெளியிலிருந்து தனித்து எழும் இத்தகைய குன்று, நிற்க இடம் என்ற தொல்லையைத் தீர்த்துவிடுகிறது. எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் போகலாம். தேவாலயத்தின் ஊசிக்கோபுரம் சட்டகத்தில் வகித்த இடத்தைக் குன்று எடுத்துக்கொள்கிறது. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைக்கும் இதே கதைதான். பிற்காலத்துச் சுற்றுலா அட்டைகளில் தமிழ்நாட்டுக் குன்றுகள் எப்போதும் நடுவில், மேலே வானம், கீழே வயல் என்று அமைவதன் தொடக்கம் இந்தப் படங்களிலும் அவற்றுக்கு முந்தைய டேனியல் ஓவியங்களிலும் இருக்கிறது.

தருமபுரி நிலத்தில் இருந்த வேறு வகைக் கட்டடங்கள் இந்தச் சட்டகத்துக்கு வெளியே நின்றன. தருமபுரிக் கோட்டையின் மல்லிகார்ஜுனர், காமாட்சியம்மன் கோயில்கள் உயரத்தால் பேசுபவை அல்ல. அங்கே வேலைப்பாடு அடித்தளமான அதிட்டானத்தில், முழங்கால் உயரத்தில், குனிந்து பார்க்க வேண்டிய சிறு சிற்பங்களில் இருக்கிறது. அதியமான்கோட்டைச் சென்றாயப் பெருமாள் கோயிலில் அது மண்டபத்தின் உட்கூரை ஓவியங்களில். ஒன்றுக்குக் குனிய வேண்டும், மற்றதற்கு அண்ணாந்து இருட்டுக்குள் பார்க்க வேண்டும். உச்சி தேடிய கண்ணுக்கு இரண்டும் படமே அல்ல. நூல்களில் இக்கோயில்கள் பெரிய பெயர் பெறாமல் போனதற்கு அளவும் தொலைவும் காரணமாக இருக்கலாம். படமாகும் தகுதி எது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வைத்த விதியையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டிரைப்பின் வேலை நீண்ட நாள் நடக்கவில்லை. 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், கருவூலம் இருக்கும் நிலையில் இது ஆடம்பரம் என்று முடிவு செய்தார். 1860-இல் துறை மூடப்பட்டது.

கோதிக் இங்கே வந்தபோது

கல்கத்தாவின் புனித பவுல் பேராலயம் 1847-இல் அர்ப்பணிக்கப்பட்டது. ஃபிரெடரிக் ஃபீபிக் 1850-களின் தொடக்கத்தில் கல்கத்தாவை எடுத்து வண்ணம் தீட்டிய படங்களிலும், சாமுவேல் போர்ன் 1860-களில் எடுத்தவற்றிலும் இப்பேராலயம் கூரிய ஊசிக்கோபுரத்துடன் நிற்கிறது. அந்த ஊசி இன்று இல்லை. 1897 நிலநடுக்கத்தில் விழுந்தது. மறுபடி கட்டியது 1934-இல் சேதமானது. பிறகு கான்டர்பரி தேவாலயத்தை ஒட்டிய சதுரக் கோபுரம் வந்தது. முழு உயரத்தையும் சட்டகத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்ற பழைய பிடிவாதம் இங்கே பயன்பட்டது. லு செக்கைப் போல ஒரு துண்டோடு நிறுத்தியிருந்தால், விழுந்த கோபுரத்தின் முழு உருவத்துக்கு ஒளிப்படச் சான்று கிடைத்திருக்காது.

தமிழ்நாட்டில் முழுமையான புதுக்கோதிக் பேராலயமாக மயிலாப்பூர் சாந்தோம் 1896-இல் எழுந்தது. அதற்குள் நிமிடக் கணக்கு நொடிக் கணக்காகச் சுருங்கிவிட்டது, லென்ஸும் திருந்திவிட்டது, தாள் நெகட்டிவ் அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது. ஆனாலும் சாந்தோமின் வெள்ளைக் கோபுரத்தை இன்று வரை ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரிதான் எடுக்கிறார்கள். கொஞ்சம் மூலை சாய்வாக, உச்சிக்கு மேலே வானம் விட்டு, முன்னால் தரை விட்டு. 1850-களில் கருவியின் கட்டாயமாக இருந்தது, கட்டாயம் நீங்கிய பின் வழக்கமாகத் தங்கிவிட்டது.

தருமபுரி, கிருஷ்ணகிரிக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் செய்யக்கூடிய ஒரு வேலை இதில் மிச்சம் இருக்கிறது. டிரைப்பின் பல படங்கள் பிரிட்டிஷ் நூலகம் உள்ளிட்ட தொகுப்புகளில் பார்க்கக் கிடைக்கின்றன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு இராயக்கோட்டைக்குப் போய், அவர் நின்ற இடத்தைக் கண்டுபிடித்து, அதே நேரத்து வெயிலில் மீண்டும் எடுத்துப் பார்க்கலாம். குன்று மாறியிருக்காது, முன்னாலிருந்த நிலம் மாறியிருக்கும். டேனியல் வரைந்ததோடும் ஒப்பிட்டால் எது கண், எது கை என்று பிரித்தறிய முடியும். 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மறைமாவட்டத்தின் பழைய பங்குகளிலோ, கோயில் அலுவலகங்களிலோ, வீட்டுப் பரணிலோ பழைய கட்டடப் படம் கிடைத்தால், அதை வெட்டிச் சதுரமாக்கி அச்சிட வேண்டாம். ஓரத்தில் தெரியும் மரத்தையும் வெற்றுத் தரையையும் விட்டுவைத்து, எந்தத் திசையிலிருந்து, எந்த நேரத்தில் எடுத்தது என்று தெரிந்த அளவு பின்னால் பென்சிலில் எழுதி வையுங்கள்.